கொம்புக்குப் பூசியது போக மிச்சம்



பெரும்பொங்கல் பெரியவர்களுடையது. அடுப்புப் பக்கம் போகாதே, கரும்பை இப்போதே ஒடிக்காதே என்று அன்றைக்கு முழுக்கக் கெடுபிடி. விடிந்தால் மாட்டுப் பொங்கல், பையன்கள் ராஜ்ஜியம். எழுபதுகளில் கும்பகோணம் பக்கத்துச் சின்ன ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவதுதான் வழக்கம் என்பதால் தை பிறக்கையில் ஆற்றில் தண்ணீர் இருக்கும். வைக்கோலால் தேய்த்து மாடுகளைக் குளிப்பாட்டிக் கரையேற்றினால் அடுத்த வேலை கொம்பு. ஒருவன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்வான். ஒருவன் கொட்டாங்குச்சியில் பெயின்ட் ஏந்துவான். குச்சியில் துணி சுற்றியவன்தான் ஓவியன். மாடு ஒருமுறை தலையை உதறினால் மூவரின் புதுச்சட்டையிலும் சித்திரம். சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும்.

அந்த வண்ணத்திலும் அரசியல் உண்டு. 1972-இல் தி.மு.க. பிளந்ததும், கறுப்பு சிவப்புக் கொம்புகள் சிலவற்றின் நடுவே வெள்ளைக் கோடு வந்து சேர்ந்தது. ஒரே நுகத்தில் பூட்டும் இரண்டு காளைகள், இரண்டு கட்சி! அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொன்று.

கழுத்துக்கு நெட்டி மாலை. ஆடுதுறை அருகே நரசிங்கம்பேட்டையில் கட்டுவது. நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர், பொங்கல் வந்தால் நெட்டிக்கும்தான். குளத்தில் விளையும் நெட்டித் தண்டை வெட்டிக் காயவைத்து, துண்டு போட்டு, சாயத்தில் முக்கிக் கோர்ப்பார்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாது. பக்கத்து மாடு எட்டிக் கடித்துவிடாமல் பார்ப்பதுதான் பெரும்பாடு.

பொழுது சாய்ந்ததும் ஊர்வலம். சலங்கை கட்டிய காளைகள் முன்னால், பசுக்களும் கன்றுகளும் பின்னால், நடுவே தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு 'பொங்கலோ பொங்கல்' என்று தொண்டை கிழியக் கத்தும் நாங்கள். எவர்சில்வர் தட்டு நெளிந்தால் அம்மா முதுகில் பொங்கல் வைத்துவிடுவாள் என்பதால் பழைய அலுமினியத் தட்டுதான். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன், மிரளும் காளையை ஒற்றைக் கயிற்றில் அடக்கிக் கடைத்தெருவில் நடந்தான். முதல் மார்க் வாங்குகிற நான் அவன் பின்னால் தட்டு அடித்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை, பெருமைதான்.

இப்போது பல ஊர்களில் டிராக்டருக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும், உழுகிறதல்லவா? பையன்கள் அதன் மட்கார்டிலும் தொற்றிக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

உங்கள் ஊர் ஊர்வலத்தை எங்களுக்கு எழுதுங்கள். கொம்பின் வண்ணத்தை மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். தேர்தல் நேரம் என்றால் எங்களுக்குச் சிக்கல்.

அன்புடன்,
ஆசிரியர்