மனநோயாளிகளுக்கு வீடு: உரிமை உண்டு, ஒதுக்கீடு இல்லை

புது தில்லி: மனநோயிலிருந்து தேறிய ஒருவரை, போக வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டுமே மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அத்தகையோருக்கு இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அமைப்பது அல்லது அவற்றுக்கு ஆதரவளிப்பது அரசின் கடமை என்று அதன் 19ஆவது பிரிவு வரையறுக்கிறது. ஆனால், இதற்கு எவ்வளவு செலவாகும், அதை மத்திய அரசும் மாநிலங்களும் எந்த விகிதத்தில் ஏற்கும் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

இக்குறை தொடக்கம் முதலே இருந்தது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் மசோதா தாக்கலானபோது, அதனுடன் இணைக்கப்பட்ட நிதிக் குறிப்பாணையில் செலவு மதிப்பீடும் இல்லை; பங்கீட்டு விவரமும் இல்லை. மாநிலங்களவை 2016 ஆகஸ்டிலும், மக்களவை 2017 மார்ச்சிலும் ஒப்புதல் அளித்தன. 2018இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

விளைவு மருத்துவமனைகளில் தெரிகிறது. தெருவில் திரியும் மனநோயாளியைக் காவல் துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க 100ஆவது பிரிவு வழி செய்கிறது. உள்ளே வரும் வாசல் திறந்திருக்கிறது. வெளியேறும் வாசல்தான் இல்லை. ஹான்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 43 அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தோரில் சுமார் 36 சதவீதத்தினர் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே இருந்தவர்கள்.

வெளியேற்றினாலும் சிக்கல்தான். மனநல மையங்களில் இருந்தோரைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மகாராஷ்டிர அரசு மாற்றியதை 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்று நீதிமன்றம் கருதியது.

பொறுப்பு மூன்று அமைச்சகங்களிடையே சிதறிக் கிடக்கிறது. சுகாதார அமைச்சகம் சிகிச்சைக்குச் செலவிடுகிறது. சமூக நீதி அமைச்சகம், தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ், இடைநிலை இல்லம் நடத்த முன்வரும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் திட்டம், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவில் வீடற்றோருக்காக வகுக்கப்பட்டது. அங்கு கூரை உண்டு. நாள் தவறாமல் மருந்து உட்கொள்வதைக் கவனிக்கும் துணையாளர் இல்லை. வீட்டு வாடகையும் துணையாளர் ஊதியமும் எந்த அமைச்சகத்தின் கணக்கிலும் முழுமையாக வருவதில்லை.

2023-24 பட்ஜெட்டில் மனநலத்துக்கு நேரடியாக ஒதுக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்ட தொகை சுமார் ரூ.919 கோடி. இதில் ரூ.721 கோடி பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்துக்கும், ரூ.134 கோடி தொலைபேசி வழி மனநல ஆலோசனைத் திட்டத்துக்கும், எஞ்சியது தேஜ்பூர் மனநல நிறுவனத்துக்கும் உரியவை. மாவட்ட மனநலத் திட்டம் தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே நிதி பெறுகிறது. அதுவும் சிகிச்சையை மையமாகக் கொண்டதே.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பது மத்திய அரசு வழக்கமாகத் தரும் பதில். ஆனால், மனநோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதற்கும் சிகிச்சை அளிப்பதற்குமான இடங்கள் பொதுப்பட்டியலின் 16ஆவது இனத்தில் இடம்பெற்றுள்ளன. எனவே, இப்பொறுப்பை மாநிலங்கள் மீது மட்டும் சுமத்த இயலாது.

மாற்று வழி ஏட்டளவில் மட்டும் இருப்பதன்று. சென்னையைச் சேர்ந்த பேன்யன் அமைப்பு 2015 முதல் சாதாரணக் குடியிருப்புப் பகுதிகளில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேரை ஒரு குடும்பம்போல், துணையாளருடன் குடியமர்த்தி வருகிறது. கேரளம், மகாராஷ்டிரத்துக்கும் இம்முறை விரிவடைந்தது. ஆனால், தொண்டு நிறுவனம் வழிகாட்டலாமே தவிர, நாடு முழுவதற்குமான பொறுப்பைச் சுமக்க முடியாது.

செலவு கூடும் என்ற தயக்கத்துக்கும் பதில் உண்டு. தேறியவர்களை ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருக்கவும் அரசு செலவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. படுக்கை, உணவு, செவிலியர் என்று அச்செலவு மருத்துவமனைக் கணக்கில் மறைந்து நிற்கிறது. அதே படுக்கைக்காகப் புதிய நோயாளி வெளியே காத்திருக்கிறார்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டபோது, அவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் இல்லை என்று கூற முடிந்தது. இன்று சட்டம் இருக்கிறது. மத்திய, மாநிலப் பங்கீட்டுடன் இந்த இல்லங்களுக்கெனத் தனிக் கணக்குத் தலைப்பு உருவாகாதவரை, நாடாளுமன்றம் அளித்த உரிமை அரசிதழோடு நின்றுவிடும். மானியக் கோரிக்கை விவாதங்களில் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே.