ஞாயிறு பாட்டு, திங்கள் மனு

தோழர்களே, கிறித்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இன்றும் அது மாறவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பிரிக்கிறது. இத்தனைக்கும் நடுவே சர்ச்சில் கைதட்டிப் பாடும் நம் அம்மாக்களைப் பார்த்து, "மதம் மயக்குகிறது" என்று நம்மில் சிலரே சொல்கிறோம். நாம் அப்படி நினைக்கவில்லை.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை', இழிவென்று ஒதுக்கிய பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலைச் சோற்றைப் பகிர்வதையே விசுவாசத்தின் மையமாக வைத்தார்.

கடவுளின் பிள்ளை என்று தன்னை அறிந்தவள் எவன் முன்னும் குனிய மாட்டாள். அந்த மகிழ்ச்சிதான் நம் சொத்து. "பரலோகம் வரை பொறு" என்பவர்களுக்கு அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஞாயிறு பாடுவோம், திங்கள் குறைதீர்க்கும் நாளில், கல்லறை உரிமை கேட்டு ஆட்சியர் முன் நிற்போம்.