சிலேட்டு தானாக அழியாது

மாலை ஐந்தரை மணி. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கம்ப்யூட்டரை மூடப் போகும்போது அது ஒரு கேள்வி கேட்கிறது. படிக்காமலே ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவிட்டு ஓடுகிறோம். மறுநாள் காலை ஸ்டேட்மென்ட்டைக் காணோம். மானேஜர் கேட்டால், ‘வைரஸ் சார்’ என்கிறோம். வைரஸ் பாவம், வாயில்லாப் பூச்சி. எந்தப் பழியையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

அக்கா பெண்ணுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. 2013-ல் நெய்வேலியில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் 2011-லிருந்து கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் அவளுக்கும் வந்தது. மற்ற பிள்ளைகள் அதில் சினிமா பார்த்தார்கள். இவள் பாட்டியை, அதாவது என் அம்மாவை, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பாட்டி சொல்லச் சொல்லத் தமிழில் அடித்தாள். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்த கதை, மோட்டார் இல்லாமலே தண்ணீர் பீறிட்டு அடித்த ஊற்றுக் கிணறுகள், 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, ஊர் வட்டம் வட்டமாக டவுன்ஷிப்பானது... ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏழு பக்கம்.

சாயங்காலம் போன் வந்தது. அழுகை.

“மாமா, எல்லாம் போச்சு.”

“என்னம்மா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலை மாமா. மூடறப்போ ‘சேஞ்சஸை சேவ் பண்ணவா’ன்னு இங்கிலீஷ்ல கேட்டுச்சு. நான் எதையும் மாத்தலையே, புதுசாத்தானே எழுதினேன்? அதான் ‘வேண்டாம்’னு அமுக்கினேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதுதான் சரி. அவள் எதையும் மாற்றவில்லை; எழுதினாள். கேள்விதான் தப்பு.

பின்னணியில் அம்மாவின் குரல் கேட்டது. “எழுதினா எழுதினதுதானேடி? சிலேட்டுகூட நாமளா அழிச்சாத்தானே அழியும்!”

* * *

பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத என் அம்மா கேட்ட இதே கேள்வியை, அதற்குச் சில வருஷம் முன்பே அமெரிக்காவில் பெரிய படிப்புப் படித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

2005-ல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே என்கிற எம்.ஐ.டி. பேராசிரியர், உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் நூறு டாலரில் லேப்டாப் தருவேன் என்று கிளம்பினார். அன்றைய கணக்கில் சுமார் 4,400 ரூபாய். 2007 கடைசியில் எக்ஸ்.ஓ. என்ற பெயரில் அந்தப் பச்சை வெள்ளைப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அடக்க விலை 188 டாலர் ஆகியிருந்தது. நம்ம ஊர் கல்யாண பட்ஜெட் மாதிரி. பி.காம். படித்தவன் என்ற முறையில் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எஸ்டிமேட் என்பதே மீறுவதற்காகப் போடுவதுதானே?

பெட்டிக்குள் இருந்த சரக்கு: 433 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. நினைவகம், ஹார்ட் டிஸ்க் கிடையாது, பதிலுக்கு 1 ஜி.பி. ஃபிளாஷ். வெயிலிலும் படிக்க முடிகிற திரை. சரி, இதில் குழந்தை எழுதுவதற்கு என்ன போடுவது? ஓப்பன் ஆபீஸைப் போடலாமென்றால் அது தீபாவளிக் கூட்டம் மாதிரி. அது ஒன்று ஏறினாலே கண்டக்டர் நிற்க இடமிருக்காது.

ஆகவே ‘அபிவேர்ட்’ என்ற சின்ன சாஃப்ட்வேரைப் பிடித்தார்கள். நம்மூரில் தெருவுக்கு நாலு அபி உண்டென்றாலும் இது அந்த அபி இல்லை. ‘திறந்த’ என்று அர்த்தம் வரும் ‘அபியெர்டோ’ என்ற ஸ்பானிஷ் வார்த்தையிலிருந்து வந்தது. அதற்கு எறும்புதான் சின்னம். 1998-ல் ஒரு அமெரிக்கக் கம்பெனி தொடங்கி, பிறகு பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து சம்பளம் வாங்காமல் வளர்த்தது. மூல நிரலை யாரும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், யாரிடமும் போய்க் கை கட்டி நிற்கவேண்டாம். மூடிய சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கினாலும் அதில் ஒரு பட்டனைக் கழற்ற நமக்கு உரிமை கிடையாது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பழுப்பு நிலக்கரியில் கிட்டத்தட்டப் பாதி ஈரம். நல்ல கரிக்காகக் கட்டின பாய்லரில் இதைப் போட்டால் சரியாக எரியாது. ‘கரி மட்டம்’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தால் நெய்வேலி இன்றைக்கும் முந்திரிக்காடுதான். அப்படிச் செய்யாமல் இந்தக் கரிக்கென்றே பாய்லர் கட்டினார்கள், 1962-ல் மின்சாரம் வந்தது. மட்டமான கரி என்று ஒன்று கிடையாது சார். பொருந்தாத பாய்லர்தான் உண்டு.

எக்ஸ்.ஓ.காரர்களும் பாய்லரைத்தான் மாற்றினார்கள். அபிவேர்டின் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலேயிருந்த மெனு பட்டியலையெல்லாம் சுரங்கத்தில் மேல்மண் வாருவதுபோல வாரிக் கொட்டினார்கள். படம் போட்ட சில பட்டன்கள்தான் மிச்சம். ‘ரைட்’ என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து பெஞ்சுப் பையனும் தன் பெட்டியிலிருந்தபடியே அதே பக்கத்தில் கூடவே எழுதலாம். (நாம் அதற்குக் காப்பியடித்தல் என்று பெயர் வைத்துப் பிரம்பெடுத்தோம்.)

முக்கியமான வேலை இன்னொன்று. கோப்புக்குப் பெயர் என்ன, எங்கே வைக்க, சேவ் பண்ணவா வேண்டாமா என்ற குறுக்கு விசாரணையே இல்லை. குழந்தை எழுதும், மூடும். எழுதினது தானாக ‘ஜர்னல்’ என்ற பகுதியில் தேதிவாரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜர்னல் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது. நம் ஜர்னலும் அப்படித்தானே? அன்றன்று நடந்தது அன்றன்றே பதிவாகிவிடும். ‘பதியவா வேண்டாமா’ என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் முதலாளியைக் கேட்பதில்லை. (கேட்கிற கணக்குப்பிள்ளைகள் உண்டு. அது இன்கம்டாக்ஸ் சம்பந்தப்பட்ட வேறு விஷயம்.)

எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. எதையும் தூக்கிப் போடாத ஜர்னலால் அந்த 1 ஜி.பி. சீக்கிரம் நிரம்பிவிடும் தொல்லை இருந்தது. நம் மத்திய அரசு 2006-லேயே இந்தத் திட்டம் வேண்டாமென்று சொல்லிவிட்டது. மகாராஷ்டிராவில் கைராட் என்ற சின்ன கிராமத்துப் பள்ளியில் 2007-ல் முயன்று பார்த்தார்கள். உருகுவே என்ற குட்டி நாடுதான் 2009-க்குள் அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தது.

* * *

நாமும் சும்மா இருக்கவில்லை. 1999-ல் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2005-ல் தமிழ் மென்பொருள்கள் அடங்கிய இலவச சி.டி.யை மத்திய அரசு வெளியிட்டது. அதில் தமிழ் ஓப்பன் ஆபீஸும் இருந்தது. அக்கா பெண்ணின் லேப்டாப்பில்கூட சி-டாக் தயாரித்த ‘பாஸ்’ லினக்ஸ் ஒரு ஓரமாக இருந்தது. ஆபீசில் ஒரு பாஸ் போதாதா என்று நான்தான் அவளை அந்தப் பக்கம் போகவிடவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அந்தக் கேள்வியை அவளிடம் நல்ல தமிழிலேயே, ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்டிருந்தால்? அப்போதும் அவள், ‘நான் எதையும் மாத்தலையே’ என்றுதான் சொல்லியிருப்பாள். இங்கிலீஷ் கேள்வியைத் தமிழாக்குவது ஒரு வேலை. குழந்தையிடம் அந்தக் கேள்வியையே கேட்காமல் இருப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு அகராதி போதும். இரண்டாவதற்கு, பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து எழுதுகிற இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

இன்றைக்கு செல்போனில் மளிகை லிஸ்ட் எழுதினால்கூடத் தானாகப் பதிந்துகொள்கிறது. 2013-ல் அந்த லேப்டாப்பில் பதியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி சொன்னாள். ஆனால் அது வேறு கதையாக இருந்தது. முதல் தடவை இருந்த ஊற்றுக் கிணறு இரண்டாம் தடவை வரவில்லை. கேட்டதற்கு, “அதான் அன்னிக்கே சொன்னேனே” என்று சொல்லிவிட்டாள். மூன்று பக்கத்தில் முடிந்துபோனது. இந்தத் தடவை பேத்தி வரிக்கு வரி சேவ் பண்ணினாள்.

அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. அக்கா பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். எந்தப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் முதல் காரியமாக அந்தக் கோப்பைத்தான் ஏற்றிவைக்கிறாள். அதன் பெயர் ‘பாட்டி 2’.

பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். “பாட்டி 1 எங்கே?”