கொண்டுபோனவர் யார்?

வேற்றுலகவாசிகள் இரவில் வந்து தம்மை எடுத்துச் சென்று, ஒளிமயமான கலமொன்றிற் கிடத்தித் தேகத்தைச் சோதித்து, விடியுமுன் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள் என்று சத்தியம் செய்து கூறும் அமெரிக்கரைப் பற்றி, களனி கங்கை கடலோடு கலக்கும் கொழும்பு மட்டக்குளியில் இருந்துகொண்டு எழுதவேண்டிய அவசியம் யாது என்று வாசகர் கேட்கக்கூடும். ஆட்களைக் கொண்டுபோகும் விஷயத்தில் இந்நகரத்தாரின் அனுபவம் எவருடைய அனுபவத்துக்கும் குறைந்ததன்று என்பதே எமது பதில்.

1961 செப்டெம்பரில், கனடாவிலிருந்து இராக்காலத்திற் காரோட்டி வந்த பார்னி ஹில், பெட்டி ஹில் தம்பதிகள், நியூ ஹாம்ஷயர் மலைப்பாதையில் ஓர் ஒளி தம்மைப் பின்தொடரக் கண்டார்கள். பெட்டிக்கு அதன்பின் பயங்கரக் கனவுகள் வந்தன. 1964இல் பெஞ்சமின் சைமன் என்னும் மனநோய் வைத்தியர் இருவரையும் மனோவசியத்தில் ஆழ்த்தி விசாரித்தபோது, கலத்துக்குள் கொண்டுபோகப்பட்ட கதை விரிவாக வெளிவந்தது. உலகம் அக்கதையைப் பற்றிக்கொண்டது. வைத்தியரோ, அது பெட்டியின் கனவென்றும், அவள் சொல்லக்கேட்ட கணவனின் மனத்திலும் அது குடிபுகுந்ததென்றுமே கருதினார்.

பின்னர் இவ்வாறு சொல்ல வந்தவர்களிற் பலர், படுக்கையிலிருந்தே கொண்டுபோகப்பட்டதாகக் கூறியவர்கள். கனவு காணும் நித்திரையில் தசைகள் செயலிழந்திருப்பது இயற்கையின் ஏற்பாடு. பிரக்ஞை முந்தி விழித்துத் தேகம் விழியாதிருப்பின், அசையமுடியாமையும் மார்பிற் பாரமும் அறைக்குள் யாரோ நிற்கும் உணர்வும் உண்டாகும். நம் பாட்டிமார் இதைப் பேய் அமுக்கியது என்றார்கள். நியூபவுண்ட்லாந்து மக்கள் கிழவியொருத்தி மார்பில் ஏறியதாகச் சொன்னதை டேவிட் ஹஃபோர்ட் 1982இல் நூலாக்கினார். சிங்களக் கிராமங்களிலே பெண்களின் கனவில் கலு குமாரயா வருகிறான். வருபவனுக்கு உருவம் கொடுப்பது ஊரே. எனினும், இங்கே அமுக்கப்பட்டவர் திருநீறு பூசி, நூல் கட்டி, முகத்துவாரத்துக் காளியிடமோ கொச்சிக்கடை அந்தோனியாரிடமோ போய்வந்து தம் வேலையைப் பார்த்தார். அமெரிக்காவிலோ, மனோவசியக்காரர் கிண்டக் கிண்ட, ஓரிரவுப் பயம் ஆயுட்கால ஞாபகமாக வளர்ந்தது.

ஹார்வார்டைச் சேர்ந்த ரிச்சர்ட் மக்னலியும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கவனத்துக்குரியது. கொண்டுபோகப்பட்டதாக நம்புவோருக்கு அவர்தம் கதையையே ஒலிப்பதிவில் மீளக் கேட்பித்தபோது, உண்மையான கொடுமைக்கு ஆளானவர்களுக்கு ஒப்ப அவர்களுக்கும் இதயம் துடித்தது, வியர்த்தது. ஆகவே உடல் நடுக்கத்தைச் சம்பவத்துக்குச் சாட்சியாகக் கொள்ளலாகாது.

நித்திரையையும் ஞாபகத்தையும் கொண்டு கூறும் இவ்வியாக்கியானம் நியாயமானது, ஆயினும் அதை அப்படியே இறக்குமதி செய்வதற்கு நாம் சம்மதியோம். 2011 ஆகஸ்டில், உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய, கிறீஸ் பூதம் எனப்பட்ட மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்ற பீதி மலையகத்திலும் கிழக்கிலும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் பரவியபோது, அதிகாரிகள் அதனை வெறும் வதந்தி என்றார்கள். அம்மாதம் 22ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்து நாவாந்துறையில், மர்ம மனிதரைத் துரத்திச் சென்ற சனங்கள் இராணுவத்தினரோடு முரண்பட்டதன் பின், படையினர் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை அடித்து இழுத்துச் சென்றார்கள்; பிடிபட்டோர் ஏறக்குறைய நூற்றுவர். பூதம் பிரமையாக இருந்திருக்கலாம். அவர்கள் உடம்பிலிருந்த காயங்கள் பிரமையல்ல.

அப்பீதி வெற்று நிலத்தில் முளைக்கவில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் பதினொருவர் கடத்தப்பட்டார்கள். அவ்வழக்கிற் சந்தேகநபர்களாகக் குறிக்கப்பட்டோர் கடற்படையினர். அமெரிக்கக் கதைகளில் எடுத்துச் செல்லப்பட்டவர் காலையில் தம் கட்டிலில் விழிக்கிறார்; இப்பதினொருவரில் ஒருவரும் வீடு வரவில்லை. ஆட்களைக் கடத்திச் சென்ற வெள்ளை வானைக் கண்ட சனங்கள் இருளில் நிழலைக் கண்டு கூச்சலிட்டால், அதைக் கூட்டு மனமயக்கம் என்று பெயரிட்டுக் கோவையை மூடிவிடும் மனோதத்துவம், தான் அறிந்தோ அறியாமலோ, கடத்தியவருக்கே அனுகூலம் செய்கிறது. எனவே கிறீஸ் பூதத்தை ஆராயப் புகும் நம் பல்கலைக்கழகத்து மாணவர்கள், பயந்தவரின் நித்திரையை விசாரிப்பதோடு, அவர் குடியிருந்த ஒழுங்கையில் அதற்கு முந்திய ஐந்தாறு வருஷங்களிற் காணாமற்போனவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்வார்களாக.