தொலைந்ததா? மறைந்ததா?



நிலப் பத்திரத்தின் நகல், நிக்காஹ் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், மவ்த்தாகிவிட்ட பெரியவர்களின் குரற்பதிவு ஆகிய யாவும் இன்று உள்ளங்கையளவான ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடுகின்றன. ஒருநாள் அதனைக் கணினியில் இணைக்கும்போது உள்ளே ஒன்றுமே தென்படாவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. அக்கலக்கத்தில் செய்யும் அவசரச் செயலே பல வேளைகளில் உண்மையான இழப்பை உண்டாக்குகிறது. ஆகவே முதலில் ஸப்ரு, பின்னரே செயல்.

தலையாய விதி ஒன்றுண்டு. அந்த டிஸ்க்கில் புதிதாக எதனையும் பதியாதீர்கள். நூலகப் பதிவேட்டில் ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டால் நூல் உடனே அழிந்துவிடுவதில்லை; அது அலமாரியிலேயே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் அழிக்கப்பட்ட கோப்பின் நிலையும் பெரும்பாலும் இதுவே. அதன் இடத்தில் வேறொன்றைப் பதியும்போதுதான் பழையது மீளாமற் போகிறது.

அடுத்து, டிஸ்க்கின் குறியீட்டின் மீது வலப்புற பட்டனை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்று பாருங்கள். கோப்புகள் தென்படாதபோதும் இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டினால் அவை தொலையவில்லை, மறைந்திருக்கின்றன என்று கருத இடமுண்டு. சில வைரஸ்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைத்துவிடும். அவற்றைத் திறவாதீர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதித்த பின்னர், விண்டோஸ் 11 கணினியில் 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்று வரிசையாகத் தேர்ந்தால் மறைந்தவை மங்கலாகத் தோன்றக்கூடும். 'ரீசைக்கிள் பின்' பகுதியையும் பார்க்கத் தவறாதீர்கள்.

டிஸ்க்கே தென்படவில்லையென்றால் வேறு கேபிள், வேறு யுஎஸ்பி துளை, வேறு கணினி என்று மாற்றிப் பாருங்கள். 'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று கணினி கேட்டால் இசைந்துவிடாதீர்கள். 'டிக், டிக்' என்று ஓசை எழுந்தால் உடனே கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். அது உள்ளுறுப்பின் பழுதாக இருக்கலாம். மீண்டும் மீண்டும் இயக்குவது கேட்டையே பெருக்கும்.

டிஸ்க் நலமாயிருந்து, கோப்பு மட்டும் அழிந்திருந்தால் ரெக்குவா, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் உதவலாம். மீட்டவற்றை அதே டிஸ்க்கில் சேமிக்கலாகாது. வேறொன்றில்தான் சேமிக்க வேண்டும். கடையில் கொடுப்பதாயின் நம்பகமானவரைத் தேர்ந்தெடுங்கள். அதில் நம் வீட்டுப் பெண்களின் படங்களும் இருக்கின்றன அல்லவா? பழுது பார்ப்பவருக்கு அது அமானிதம். இத்தொழிலில் இருக்கும் நம் இளைஞர்கள் இதனை ஒருபோதும் மறவாதிருக்கட்டும். அழித்த கோப்பையும் மீட்க இயலும் என்பதனால், பழைய டிஸ்க்கை விற்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இவையனைத்தும் இழப்பு நேர்ந்தபின் செய்வன. முன்னரே செய்யத்தக்கது எது?

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்று அபூபக்கர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டப் பணித்தார்கள். ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அப்பணியை நிறைவேற்றினார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் படிகள் எடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். தன் வேதத்தைக் காக்க அல்லாஹ்வே பொறுப்பேற்றிருந்தும் அவர்கள் முயற்சியைக் கைவிடவில்லை. அவ்வாறிருக்க, எந்த உத்தரவாதமும் இல்லாத நம் உடைமைகளை ஒரேயொரு டிஸ்க்கை நம்பி விட்டுவைப்பது முறையா?

கணினியில் உள்ளதை டிஸ்க்கிற்கு மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிட்டால் அது காப்பு நகல் ஆகாது. அப்போதும் இருப்பது ஒரு படியே. எனவே இரண்டு டிஸ்க்குகளில் பதிந்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். முக்கியமான ஆவணங்களைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். ஆண்டுதோறும் ஸகாத் கணக்கிடும் வேளையில் இரு டிஸ்க்குகளையும் திறந்து, கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முயற்சி நம்முடையது, பாதுகாப்பு அல்லாஹ்வுடையது. அவன் நம் அமானிதங்களைக் காத்தருள்வானாக, ஆமீன்.