விலைக்கு வாங்கிய ஆராய்ச்சி

உயிரியல் படிக்கும் மாணவர்கள் கடைசி வருஷத்தில் தாங்களே ஒரு விஷயத்தை ஆராய்ந்து, கட்டுரையாக எழுதி, பரீட்சகர்கள் முன்னிலையில் எடுத்துப் பேச வேண்டும் என்று கல்லூரிகளில் ஓர் ஏற்பாடு இருந்து வருகின்றது. இது மிகவும் நல்ல ஏற்பாடு என்றே நாம் சொல்லுவோம். ஏனெனில், அதுவரை பிறர் சொன்னதை ஒப்பித்து வந்தவன், தன் கண்ணால் கண்டதைச் சொல்லும்படியான சந்தர்ப்பம் அதுவேயாகும்.

ஆனால் நடப்பது என்ன? சென்ற வருஷத்து மாணவன் எழுதியதில் பெயரை மாற்றி அட்டை போட்டுக் கொண்டுவந்து வைக்கின்றவர்கள் உண்டு. பணம் கொடுத்தால் முழுவதையும் எழுதிக்கொடுக்க ஆட்கள் உண்டு. இப்பொழுதோ கணிப்பொறியே எழுதிக் கொடுத்துவிடுகின்றது. குளத்துப் பக்கமே போகாதவன், குளத்து நீரில் இத்தனை கொசுப்புழு இருந்ததாகக் கணக்குக் காட்டுகிறான். இதற்குப் பெயர் ஆராய்ச்சியாம்! இதைவிடப் பெரிய புரட்டு வேறென்ன?

"பையன் என்ன புதிதாகக் கண்டுபிடித்துவிடப் போகிறான்?" என்று சிலர் சமாதானம் சொல்லுகின்றார்கள். அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகின்றோம். 1911-ல் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் ஆல்பிரட் ஸ்டர்டிவண்ட் என்பவர் பட்டம் வாங்காத மாணவர். தாமஸ் ஹண்ட் மார்கன் என்னும் ஆசிரியரிடம் பழ ஈக்களை வளர்த்து, கண்ணின் நிறம், இறக்கையின் அமைப்பு முதலிய குணங்கள் சந்ததிக்கு எப்படி இறங்குகின்றன என்று எண்ணுவதே அங்கு வேலை. சேர்ந்தே இறங்கும் இரு குணங்கள் சில ஈக்களில் பிரிந்துவிடுவதுண்டு. அடிக்கடி பிரிந்தால் அவற்றின் இடம் தூரம், அபூர்வமாய்ப் பிரிந்தால் சமீபம் என்று வைத்து, ஸ்டர்டிவண்ட் கல்லூரிப் பாடத்தையும் ஒதுக்கிவிட்டு இரவின் பெரும்பகுதி விழித்து அவற்றை ஒரே கோட்டில் வரிசைப்படுத்தினார். ஆறு காரணிகளைக் கொண்டு 1913-ல் வெளியான அதுவே உலகத்தின் முதல் மரபணு வரைபடம்.

அந்த ஆசிரியரின் யோக்கியதையையும் கவனிக்க வேண்டும். மரபுக் காரணிகள் குரோமோசோமில் இருக்கின்றன என்பதை மார்கன் முதலில் சந்தேகித்தவர். 1910-ல் வெள்ளைக் கண் ஈ ஒன்று அகப்பட்டு, அதன் சந்ததியை எண்ணிப் பார்த்த பின் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். அதனால் அவர் சிறுமைப்பட்டாரா? 1933-ல் நோபல் பரிசல்லவா பெற்றார்! இங்கோ, ஆசிரியர் நினைத்ததற்கு மாறாகக் கணக்கு வந்தால் கணக்கைத் திருத்தச் சொல்லுகிற ஆசிரியரும் உண்டு. ஆராய்ச்சியில் ஆசிரியரைவிட ஈதான் பெரிது என்பதை அவர்கள் உணர வேண்டாமா?

நிற்க, பேச்சு நடக்கும் சபையில், "எத்தனை தடவை எண்ணினாய்? இதற்கு வேறு காரணம் இருக்கக்கூடாதா?" என்று கேட்பது அவமரியாதையல்ல, அதுதான் பரீட்சை. "நினைத்தது வரவில்லை" என்று மாணவன் சொன்னால் அதுவும் ஒரு முடிவே. கைதட்டி அனுப்பிவிடுவது அவனுக்குச் செய்யும் துரோகமாகும்.

பொய்க்கணக்கு எழுதிப் பழகியவன் நாளைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கப் போவான். டெங்கு காலத்தில் கொசுப்புழு எண்ணப் போவான். அங்கும் அவன் எண்ணாமலே எழுதினால் சாகிறவர்கள் யார்? நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோர்களே, "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "நீயாக எதைப் பார்த்தாய்?" என்றும் கேளுங்கள்.