கத்திக்குப் பின் கஞ்சி

திருநங்கைகள் முகத்தை அறுத்துச் சீர்செய்துகொள்வதைப் பற்றி நம்மாட்களிடம் இரண்டு கருத்து புழங்குகிறது. ஒன்று: 'இது நுகர்வுக் கலாச்சாரம், வெள்ளைக்காரி மூக்குக்கு அலைகிறார்கள்.' இன்னொன்று: 'அவங்க உடம்பு, அவங்க இஷ்டம்.' முதலாவதைச் சொல்பவர் கோட்பாடு படித்தவர். இரண்டாவதைச் சொல்பவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர். அறுத்த பிறகு பதினைந்து நாள் யார் கஞ்சி ஊற்றுவது என்று இரண்டு பேருமே கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

நான் திருநங்கை. சேரியில் பிறந்தவள். பட்டம் வாங்கி வங்கியில் எழுத்தராக இருப்பவள், கவிதை எழுதுபவள். நெற்றி எலும்பையும் தாடை எலும்பையும் சீவிக்கொண்டவள். படுத்துக் கிடந்த நாள்களில் யோசித்ததைத்தான் இங்கே வைக்கிறேன்.

முதலில், முகம் ஏன்? இடுப்புக்குக் கீழே நடந்த அறுவையை டாக்டர் பார்ப்பார், கலெக்டர் அலுவலகம் காகிதத்தில் பார்க்கும். முகத்தை ஊரே பார்க்கும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் கதவைத் திறக்கிற அம்மாள் முதலில் பார்ப்பது புருவமேட்டையும் தாடையையும்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கை கடைசி நிறுத்தம் வரை காலியாக வருவது முகத்தால். ராத்திரியில் போலீஸ்காரன் டார்ச் அடிப்பது முகத்தில். என் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வரிசைக்கு நகர்வதை நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பணம் எண்ணுகிற வேலை, எண்ணுவது பழகிப்போய்விட்டது. ஆக ஒருத்தி 'இந்த மூஞ்சியோட முடியலக்கா' என்று சொன்னால் அதில் அழகைப் பற்றிய பேச்சு கொஞ்சம், பிழைத்துக் கிடப்பதைப் பற்றிய பேச்சு அதிகம். சரி, அழகுக்கே ஆசைப்பட்டாலும்தான் என்ன? சாதி இந்துப் பெண் பார்லருக்குப் போனால் இயல்பு, சேரித் திருநங்கை போனால் சித்தாந்தச் சிக்கலா?

வெள்ளைக்காரி மூக்கு என்கிற குற்றச்சாட்டை நான் சும்மா தள்ளிவிடப் போவதில்லை. 1980களில் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஆஸ்டர்ஹவுட் என்ற மண்டை–முக அறுவை மருத்துவர் இந்தச் சிகிச்சைக்கு வழி போட்டார். பெண்ணின் நெற்றி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவர் போய் நின்ற இடம் உடல் மானிடவியலின் அளவுப் பட்டியல்களும் மண்டையோட்டுச் சேகரிப்பும். 1987இல் நெற்றியைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. மண்டையோடு அளக்கிற சங்கதி நமக்குப் புதிதா? மூக்கின் அகலம் குறையக் குறையச் சாதியின் உயரம் கூடும் என்று எழுதியவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் ஆணையர். இங்கே எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கையில் அளவுக் கருவியோடு நம் பாட்டன்மார் மூக்கை அளந்தார். 1909இல் அது ஏழு தொகுதிகளாக அச்சேறியது. 1948இல் அண்ணல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலில் இதே மூக்கு அளவுகளை எடுத்துப் போட்டு, பார்ப்பனருக்கும் தீண்டப்படாதோருக்கும் இனம் ஒன்றுதான் என்று அவர்கள் கோலாலேயே அவர்கள் கதையை அடித்து நொறுக்கினார்.

இன்னொரு மூக்குக் கதையும் உண்டு. திப்புவோடு நடந்த போரில் வெள்ளைக்காரன் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கறுபட்டார். புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைச் சீவி மடித்து அவருக்கு மூக்கு வைத்தார். 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் பின்பற்றி 1814இல் ஜோசப் கார்ப்யூ லண்டனில் செய்தார். மூக்கு வைத்துக்கொண்டவர் பெயர் அச்சில் இருக்கிறது. மூக்கு வைத்தவர் பெயர் இல்லை. இன்று லட்சக்கணக்கில் பில் போடுகிற ஒரு துறைக்குப் பாட்டனார் ஒரு சூத்திரக் கைவினைஞர் என்பதை எந்த ஆஸ்பத்திரி வரவேற்பறையிலும் எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள்.

என் டாக்டர் கணினியில் ஒரு சினிமா நடிகையின் முகத்தைக் காட்டினார். நான் கொண்டுபோனது எங்கம்மாவின் பழைய ரேஷன் கார்டு போட்டோ. இந்த நெற்றி வேண்டும், மூக்கைத் தொட வேண்டாம் என்றேன். எனக்கும் எங்கம்மாவுக்கும் ஒரே மூக்கு. அவர் கொஞ்சம் ஏமாந்து போனார். தோழரே, வெள்ளைக்காரி மூக்கை விற்கிறவனிடம் போய் நீங்கள் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். வாங்க வந்தவளை மட்டும் ஏன் மறிக்கிறீர்கள்?

இனி அபாயம். இதை மறைத்துப் பேசுவது விளம்பரக்காரன் வேலை. நெற்றியில் புருவமேட்டுக்குப் பின்னால் காற்று அடைத்த ஒரு எலும்பறை இருக்கிறது. பலருக்கு வெளிச்சுவரை வெறுமனே தேய்த்தால் போதாது, அதை அறுத்தெடுத்து உள்ளே தள்ளி வைத்து டைட்டானியம் தகடும் திருகும் போட்டுப் பிணைக்கிறார்கள். அதற்கு உச்சந்தலையிலோ முடி தொடங்கும் கோட்டிலோ காதுக்குக் காது கீற வேண்டும். உச்சந்தலை மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும், சிலருக்குச் சில இடம் திரும்பவே திரும்பாது. கீறிய கோட்டில் முடி உதிரலாம். புருவத்தைத் தூக்கும் நரம்பு அடிபட்டால் ஒரு பக்கப் புருவம் ஏறாது. அறுத்த அறையில் சளி தேங்கிப் பல வருஷம் கழித்துக்கூடச் சீழ் வைக்கலாம். அபூர்வம்தான் என்றாலும் மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியலாம். மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் உப்புக் கரிக்கச் சொட்டினால் ஜலதோஷம் என்று விட்டுவிடாதே தங்கச்சி, அன்றைக்கே ஓடு.

தாடையை வாய்க்குள்ளிருந்து கீறிச் சீவுகிறார்கள். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எனக்கு ஐந்து மாதம் கீழுதடு இல்லாத மாதிரி இருந்தது, காபி வழிவதைப் பிளவுஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். தொண்டையில் துருத்தும் குருத்தெலும்பைச் சீவும்போது கொஞ்சம் அதிகமாகப் போனால் குரல் கெடும். நம் கறுத்த தோலில் தழும்பு தடித்துக் கெலாய்டாக வளரும் வாய்ப்பு கூடுதல். இதையெல்லாம் எனக்குச் சொன்னது என்னைவிட முன்னால் படுத்தெழுந்த ஒரு அக்கா. ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஆங்கிலத்தில் ஒரு படிவம், கையெழுத்துப் போட ஒரு பேனா. கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது நிபந்தனைகளை வாடிக்கையாளரின் மொழியில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மண்டையை அறுப்பதற்கு அதுகூட வேண்டாமாம்.

ஆனால் இவை கத்தியின் அபாயங்கள். தேர்ந்த கை செய்தால் பெரும்பாலும் தேறிவிடும். நான் பேச வந்தது அதற்குப் பிந்தைய அபாயத்தை. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், கண் திறக்காது. தலையை உயர்த்தியே படுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல் மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், அது ராத்திரி இரண்டு மணிக்கும் நடக்கும். இரண்டு வாரம் கஞ்சி, கூழ், அரைத்த பருப்பு. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். மூக்குச் சிந்தக் கூடாது. மாதம் ஒன்றுக்கு மேல் பாரம் தூக்கக் கூடாது. தழும்பில் வெயில் படக் கூடாது. முகம் தன் வடிவத்துக்கு வந்து நிற்க ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். நடுவில் கண்ணாடியில் தெரிகிற வீங்கிய மூஞ்சி நீ கேட்டதும் இல்லை, உன் பழையதும் இல்லை. அந்த இரண்டாவது வாரம் மனசு விழுகிற பள்ளத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இப்போது சொல்லுங்கள், கடை கேட்டுப் பிழைக்கிறவள் எத்தனை நாள் வெயில் படாமல் இருப்பாள்? ஒற்றை அறையில் நாலு பேராகப் படுப்பவள் தலையை எதன்மேல் உயர்த்துவாள்? கட்டுப்போட்ட முகத்தோடு வந்தவளை 'என்ன வெட்டுக்குத்தா' என்று கேட்டு வீட்டுக்காரன் காலி செய்யச் சொன்னால் எங்கே போவாள்? அறுவை செய்த ஊர் ஒன்று, வசிக்கிற ஊர் ஒன்று, நடுவில் ஒரு ராத்திரி ரயில். எனக்காவது மாதச் சம்பளம், விடுப்பு இருந்தது. எதுக்கு லோன் என்று கேட்ட சக ஊழியரிடம் வீட்டைப் பழுது பார்க்க என்றேன், பொய்யில்லை. என்னோடு அதே வாரம் அறுத்துக்கொண்ட ஒரு தங்கைக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. பன்னிரண்டாம் நாள் சிக்னலில் நின்றாள். தையல் சீழ் பிடித்தது. டாக்டர் கை சுத்தமானதுதான், வட்டிக் கடன்தான் அவளை எழுப்பிக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தியது.

தாயம்மா கையில் நிர்வாணம் செய்துகொண்ட காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். மயக்க மருந்து கிடையாது, செத்தவர்கள் உண்டு, அது திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் நாற்பது நாள் உண்டு. நாற்பது நாளும் யாராவது வெந்நீர் வைப்பார்கள், சமைத்துப் போடுவார்கள், கண்ணாடி பார்க்க விட மாட்டார்கள். நாற்பது முடிந்து மஞ்சள் பூசிப் பால் ஊற்றி அதன் பிறகுதான் கண்ணாடி. எழுத்தறியாத ஜமாத்துக்குத் தெரிந்திருந்தது, உடம்பு மாறுவது ஒருத்தியின் தனிக் காரியம் இல்லை என்று. ஜமாத்தை நான் புனிதமாக்கவில்லை. குருவுக்குக் கட்ட வேண்டிய கடன் அங்கே உண்டு, சாதியும் உண்டு, எந்தத் தட்டு யாருக்கு என்பது உண்டு. ஆனாலும் நவீன மருத்துவம் கத்தியை நல்லதாக்கிவிட்டு நாற்பது நாளைத் திருடிக்கொண்டுவிட்டது. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். அப்புறம் போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமாம்.

அரசு என்ன செய்தது? தமிழ்நாடு 2008இல் நலவாரியம் கண்டது, அரசு மருத்துவமனையில் பாலின மாற்று அறுவையை இலவசமாக்கியது. போராடி வாங்கியது, குறைத்துப் பேச மாட்டேன். 2019இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் 15ஆம் பிரிவு அறுவைக்கும் ஹார்மோனுக்கும் லேசருக்கும் காப்பீடு என்று சொன்னது. அதே 2019இல் காப்பீட்டு ஒழுங்காணையம் வெளியிட்ட விலக்குப் பட்டியலில் 7ஆவது எண் பாலின மாற்றச் சிகிச்சை, 8ஆவது எண் அழகு அறுவை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்றால் முகத்தைச் சீர்செய்யலாம். திருநங்கையின் முகத்துக்கு நடப்பது எந்தக் கணக்கில் விபத்து இல்லை? உலக அளவில் திருநர் மருத்துவ நெறிகளை வகுக்கும் டபிள்யூபாத் அமைப்பின் 2022ஆம் ஆண்டு எட்டாம் பதிப்பு முக அறுவையை மருத்துவத் தேவை என்றே வைத்திருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு அறிவித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பணம் அது. படுத்திருப்பவளின் கூலியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கேரளத்தில் அனன்யா குமாரி அலெக்ஸ் இருந்தார். வானொலியில் வேலை பார்த்தவர், கேரளச் சட்டமன்றத் தேர்தலுக்கு மனுப் போட்ட முதல் திருநங்கை. அவருடையது முக அறுவை அல்ல, 2020இல் நடந்த பாலின மாற்று அறுவை. ஒரு வருஷம் கழித்தும் நிற்க முடியவில்லை, வேலை செய்ய முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2021 ஜூலையில் செத்துப்போனார். அதற்குப் பிறகு விசாரணை என்றார்கள். உயிரோடு இருந்து கத்தியபோது எத்தனை முற்போக்கு மேடைகள் அவருக்கு ஒரு நாற்காலி போட்டன?

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. அறுவைக்கான தொகையோடு தேறும் நாள்களுக்கான தொகையும் சேர்த்து வேண்டும், குறைந்தது நாற்பது நாள் கூலி. மாவட்டத்துக்கு ஒரு தேறும் இல்லம், எந்த வார்டு என்று கேட்டு வாசலில் நிறுத்தாத நர்ஸோடு. தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம். ராத்திரி எடுக்கிற ஒரு தொலைபேசி. அரசு தருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ரத்ததானத்துக்கும் மாநாட்டுப் பந்தலுக்கும் ஆள் திரட்டத் தெரிந்த இயக்கத்துக்கு இது பெரிய காரியமா?

வருகிற மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒரு தங்கை நெற்றி அறுவைக்குப் போகிறாள். சலவைக்கடை வேலை, சேர்த்து வைத்த பணம் ஆஸ்பத்திரிக்கு மட்டும் காணும். என் அறையில்தான் படுக்கப்போகிறாள். மிக்சி இருக்கிறது, மூன்று தலையணை இருக்கிறது. பகலில் நான் வங்கியில் இருப்பேன். முதல் பத்து நாள் காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், ஐஸ் வைக்கத் தெரிந்தால் போதும். நுகர்வுக் கலாச்சாரம் பற்றிப் பேச விரும்பும் தோழர்களும் வரலாம், அவளால் ஒரு வாரம் பதில் பேச முடியாது.